இருவருக்கும் ஒன்றரை

என் அம்மா பெருமாயிக்கும் அவளுடைய அண்ணன் வெள்ளையனுக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி. அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி வழியில் வந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்குச் சமபங்கு கிடைத்த ஒரே சொத்து. செம்மேடு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். சிறுநீரகம் கெடக் கெட ஏறும் கிரியாட்டினின் அளவு இருவருக்கும் ஒன்றரை.

அன்றிலிருந்து மாமா நோயாளி. அவருக்குக் கட்டில், ஓய்வு, உப்பில்லாத குழம்பு. குழம்பைத் தனியாக வைத்துக் கொடுத்துவிட்டு, மரவள்ளிக் காட்டுக்குக் களை வெட்டப் போனது அம்மா.

"உனக்கும் அதே ஒன்றரைதானேம்மா?"

"ஆம்பளைக்கு வந்தா தாங்க மாட்டாங்க கண்ணு."

வியாழக்கிழமை மாமா நாமக்கல்லுக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார். அம்மாவின் ரிப்போர்ட்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரேஷன் கடைக்கு வீட்டுக்கு ஒருவர் போனால் போதுமே, அதே நியாயம். சாயங்காலம் திரும்பி, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். ஏழு அவருக்கு, மூன்று அம்மாவுக்கு.

"ஏனுங்க மாமா, அம்மாவைக் கூட்டியாரச் சொல்லலையா?"

"சொன்னாங்க. அவளுக்கு வேலை கெடக்குது, எங்கிட்டயே சொல்லுங்கன்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே நெம்பருதான சாமி."

அம்மாவின் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் டாக்டர் எழுதியிருந்தார்: 'இவரை உடனே நேரில் அழைத்து வரவும்.' கீழே போன் நம்பர். கூப்பிட்டு, மாத்திரையைப் பங்கு போட்டதையும் சொன்னேன்.

"பொம்பளைங்களுக்குத் தசை கம்மி தம்பி. அதே ஒன்றரைன்னா அவங்க கிட்னி இன்னும் மோசமா இருக்குன்னு அர்த்தம். உங்க மாமாவுக்குச் சுமாரா அம்பத்தேழு சதவீதம் வேலை செய்யுது. அம்மாவுக்கு நாப்பத்து மூணுதான். அந்த மாத்திரையைக் குடுக்காதீங்க, ஆளைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் சொன்னேன்.

"எனக்கு அம்பத்தேழுதானா?" என்று மாமா கட்டிலில் சாய்ந்தார். அம்மா ஓடிப்போய் விசிறினாள்.

மூன்று நாள் அம்மாவிடம் கெஞ்சினேன். முதல் நாள் மிளகு பறிக்க ஆளில்லை. மறுநாள் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதற்கடுத்த நாள், மலை இறங்கினால் வளைவுக்கு வளைவு வாந்தி வருமாம். நான்காம் நாள் பொய் சொன்னேன்.

"மாமாவுக்கு மருந்து எழுதணும்னா கூடப்பொறந்தவங்களைப் பாக்கணுமாம்."

"அடப்பாவி, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பத்து நிமிடத்தில் சேலை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். வளைவுகளில் வாந்தியும் வரவில்லை.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்கண்ணனுக்குத்தானுங்க ஒரே அசதி."

சொல்லிக்கொண்டே வீங்கிய கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் குனிந்தார்.