கொதித்தாறிய தண்ணீர்

சண்டை முடிந்த வருஷத்து நத்தாருக்கு, யேசு பிறந்த திருநாளுக்கு, என் தங்கையின் மகள் பியோனா நாலு வயது மகன் றிக்கியோடு மெல்பேணிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தாள். வந்த கையோடு சட்டம் போட்டாள். பிள்ளைக்குக் கொதித்தாறிய தண்ணீர் மட்டும்தான். பழமென்றால் தோல் உரித்துத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள்தானே இவளும்? ஆனாலும் கொதிக்க வைத்தேன்.

நத்தாரன்று என் புருஷன் றூபெர்ட் பிள்ளைக்குச் சர்பத் கலக்கினார். தண்ணீர் கொதித்தாறியதுதான். ஆனால் வெளியே மழை கொட்டினாலும், நத்தார் விருந்தாளிக்கு ஐஸ் போடாமல் கொடுப்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதையில்லை. கடையில் வாங்கிய ஐஸ்கட்டியை உடைத்துப் போட்டார்.

மறுநாள் பிள்ளைக்கு வயிற்றாலே போனது. சத்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான். ஐந்து வருஷத்துக்கு முன் இதே நாளில்தான் எங்கள் மகள் அன்ட்றியாவைச் சுனாமி கொண்டுபோனது. வருஷா வருஷம் கல்லடிக் கடற்கரைக்குப் போகிற றூபெர்ட் அன்று போகவில்லை.

டொக்டர் ஜீவனி என்கிற உப்புச்சர்க்கரைத் தூள் தந்தார். "கரைச்சுக் கரண்டி கரண்டியாக் குடுங்க. மூத்திரம் போனாப் பயமில்லை" என்றார்.

றூபெர்ட் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஊட்டினார். கரண்டியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பின்னேரம் திடீரென்று பிள்ளைக்குக் கீழே அவர் உடுத்திருந்த சாரம் நனைந்தது. தரையிலும் வழிந்தது.

"ஐறிஸ், இஞ்ச பாரு" என்றார் என்னிடம், மெதுவாக.

பூசையில் இருப்பவர்போல அசையாமல் இருந்தார். நான் துணி எடுக்கப் போகவில்லை. பியோனாவும் எழும்பவில்லை. மூன்று பேரும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.