காலியாகக் கூடாத தொட்டில்

ஓஷ் நகரத்தில் மினிபஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் எங்கள் ஊர் தோல்சோர். ஊரின் கடைசித் தெரு எல்லைக் கேட்டில் போய் முடிகிறது. கால்வாய்க்கு அப்பால் உஸ்பெகிஸ்தான். எங்கள் சொந்தபந்தத்தில் பாதி அங்கேதான். கேட் மூடும் நேரம் நெருங்கினால் இங்கே சண்டையைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் ஹுர்னிசா நின்றாள். எல்லைக்கு அப்பால் ஆந்திஜானில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கைக்கு ஒன்பது வருடம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தது. தாயில்லாத வீடு, தொட்டில் சீரை அக்காதான் கொண்டுபோகிறாள். சிவப்பு வர்ணம் அடித்த மரத்தொட்டில். உள்ளே ரொட்டி, சர்க்கரை, பட்டுத்துணி.

சோதனை மேசையில் இருந்த எமில்பேக் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"எல்லாத்தையும் வெளிய எடுங்கக்கா. காலியாக்கித்தான் பார்க்கணும்."

"காலியாவா? வெறுந்தொட்டில் புள்ளைக்கு ஆகாதுப்பா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா சட்டம்."

"சட்டம் போட்டவன் தொட்டில்லயே படுக்காம வளர்ந்தானாக்கும்!"

வரிசை சிரித்தது. எமில்பேக் முகம் சிவக்கச் சர்க்கரையை எடுத்தான், ரொட்டியை எடுத்தான். துணியில் கை வைத்ததும், எனக்குப் பின்னால் நின்ற செருப்பு வியாபாரி கோபில்ஜான், தொட்டில் காலியாகிவிடாதபடி எட்டி ஒரு வெள்ளரிக்காயை உள்ளே போட்டார். துணியோடு அதையும் எடுப்பதற்குள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு விழுந்தது.

"யோவ், செருப்பையா போடுற?" ஹுர்னிசா கத்தினாள்.

"புதுசும்மா! கால் படாதது!"

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க!" என்றான் எமில்பேக். "அடிப்பலகையப் பார்க்காம நான் கையெழுத்துப் போட முடியாது."

கேட் மூட அரைமணி நேரம்கூட இல்லை. ஹுர்னிசாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒன்பது வருஷம்ப்பா. என் கையால தங்கச்சிக்கு ஒரு குறை வந்துடக் கூடாது."

எமில்பேக் அவளைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்து, இடது கையை முழங்கை வரை தொட்டிலுக்குள் நீட்டி வைத்தான். அதன் பிறகே வலது கையால் செருப்பை எடுத்தான்.

"இது போதுமாக்கா?"

"ஆட்டாம வச்சிரு."

"ஆட்டல."

ஒரே கையால் பலகையைத் தட்டினான், குனிந்து அடியில் விளக்கடித்தான். கோபில்ஜான் படிவத்தைப் பிடித்துக்கொள்ள, கையெழுத்து கோணலாக விழுந்தது. ஹுர்னிசா அவன் கையைச் சுற்றியே ரொட்டி, சர்க்கரை, துணி எல்லாவற்றையும் அடுக்கினாள்.

"இப்ப எடுத்துக்கோ, தம்பி."

கையை உருவிக்கொண்டே கேட்டான்: "பையனா, பொண்ணா?"

"பொண்ணு," என்றாள் ஹுர்னிசா. நிறைந்த தொட்டிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு நடந்தாள்.