ஜன்னலுக்குக் கீழே ஒரு ஒட்டு

உலக மக்கள் அனைவரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. எங்கள் படகின் படுக்கையறைச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுத்து உப்பியிருந்த பலகை சரியாகிவிட்டது. வரலாற்று ஆசிரியர்கள் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நானும் மனைவியும் அந்தப் படகில்தான் நான்கு வருடங்களாகக் குடியிருக்கிறோம். வேறு வீடு கிடையாது. இந்த மழைக்காலத்தில் அந்தப் பலகையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி அவளுடைய தலையணை. ஏற்கெனவே இளைப்புக்காரி, இருமி இருமி விலா வலிக்கிறது என்றாள். "மருந்து நான் தர்றேன். ஆனா அந்த ஈரம் போகாம நீங்க அங்க படுக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"மூணு வாரம் பாப்போம். சரியாகலேன்னா படகை வித்துடலாங்க."

படகுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளே அவள்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவளுடைய அண்ணன் வந்துவிட்டார். குடும்பத்தில் அவருக்குத் 'தலைமைப் பொறியாளர்' என்று பெயர். முப்பது வருடம் வேலை பார்த்தது என்னவோ காப்பீட்டு அலுவலகத்தில்.

"மாப்ளே, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. கறையத் தேய்ச்சு எடுக்கணும், வார்னிஷ் அடிக்கணும், முடிஞ்சுது. பதினோரு வீடியோ பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஈரம் எங்கேருந்து வருது மச்சான்?"

"ஈரம்ங்கிறது ஒரு நிலை, மாப்ளே."

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் படிக்கவில்லை. அவர் கொண்டுவந்த தேய்ப்பு மிஷினைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் விளக்கினார், நான் அழுத்தினேன். கறுப்பு மங்கியது. "இன்னும் கொஞ்சம்" என்றார். கறுப்பு போயிற்று. அதன் பின்னாலேயே மரத்தின் செம்பழுப்பும் போய், வெளிறிய மஞ்சளில் வேறு ஏதோ மரம் எட்டிப்பார்த்தது.

"கறை போயிடுச்சு பாத்தீங்களா" என்றார் மச்சான்.

சுவரும் போயிருந்தது. படகின் உட்சுவர் முழு மரமல்ல. பிளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு. இரண்டு விசிட்டிங் கார்டு கனம் இருந்தால் அதிகம். பதினோரு வீடியோவிலும் இதைச் சொன்னவர் யாருமில்லை போலும்.

படகுத்துறையின் கோடியில் இருக்கும் பட்டறைக்குப் போய்த் தச்சரம்மா முன்னால் கைகட்டி நின்றேன். படகு மரவேலையில் அந்தத் துறைக்கே அவர்தான் கடைசி வார்த்தை. அதிலும் மிகக் குறைந்த வார்த்தை. டார்ச்சோடு வந்து, நகத்தால் பலகையைத் தட்டிக் கேட்டார்.

"யாரு தேய்ச்சது?"

"நான்தாம்மா."

"யாரு சொல்லி?"

மச்சானுக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்கவேண்டிய அவசரக் காரியம் வந்துவிட்டது.

"சரி. வார்னிஷ் அடிக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் பொழைச்சீங்க. ஈரத்து மேல வார்னிஷ் அடிக்கிறது, நனைஞ்ச சட்டைக்கு மேல கோட்டு போட்டுக்கிற மாதிரி. மொதல்ல தண்ணி வர்ற வழியப் பாப்போம்."

என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டு, வெளியே குழாயைப் பிடித்தார். ஜன்னலைச் சுற்றிப் பத்து நிமிடம் நனைத்தார். ஒரு சொட்டு இல்லை. பிறகு கூரைமேல் திருப்பினார். அறுபது எண்ணுவதற்குள் பலகையின் மேல்விளிம்பில் ஒரு துளி திரண்டு இறங்கியது.

மேலே ஏறிப் பார்த்தால், துளிக்கு நேரே நின்றது கொடிக்கம்பம். போன வருடம் மச்சான் தம் கைப்பட நட்டது. எந்தக் கொடி என்பதில் குடும்பத்துக்குள் உடன்பாடு ஏற்படாததால் கம்பம் மட்டும் நிற்கிறது. அடியில் நான்கு திருகாணிகள். துளையை அடைக்கும் பசையை ஒன்றிலும் காணோம்.

"இத நட்ட மகராசன் யாரு?"

"படகுக்கு ஒரு கம்பீரம் வேணுமில்ல" என்றார் மச்சான், பாதிக் குரலில்.

"அந்தக் கம்பீரம்தான் சார் உள்ள ஒழுகிட்டிருக்கு."

நான் சிரிக்கத் தயாரானேன். ஆனால் மச்சான் கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "என் தங்கச்சி இருமினது இதனாலயா?" என்று கேட்டார். தச்சரம்மா திருப்புளியை எடுத்தார். கம்பத்தைக் கழற்றித் துளைகளை அடைக்கும் வேலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பத்து நாள், ஈரம் உறிஞ்சும் மிஷின் படுக்கையறையில் ஓடியது. அதில் சேரும் தண்ணீரைக் கொட்டுவதற்காக இரண்டு பஸ் மாறி மச்சான் தினமும் காலையில் வந்தார். உரை எதுவும் ஆற்றவில்லை. அந்தப் பத்து நாளும் ஒரு வகையில் எனக்கு ஓய்வு.

பதினோராம் நாள் தச்சரம்மா உடுப்பு அலமாரியைக் காலிசெய்யச் சொல்லி, அதன் பின்சுவரைத் தடவினார். "ஒரே மரத்துலேருந்து அடுத்தடுத்துச் சீவின தகடுங்கதான் இந்த ரூம் பூரா. உங்க சட்டைக்குப் பின்னாடி இருக்கிறத யாரு பாக்கப் போறா?" பழைய பசை இளகச் சூட்டு மிஷினைக் காட்டி, மெல்லிய கத்தியை உள்ளே விட்டு, கிழியாமல் ஒரு துண்டை உரித்தெடுத்தார்.

"சதுரமா வெட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"சதுரமா வெட்டினா கண்ணு நேரா அங்கதான் போய் நிக்கும். மரத்து ரேகையோடயே வளைஞ்சு போயிட்டா யாருக்கும் தெரியாது."

உப்பியிருந்த விளிம்புகளுக்குள் ஊசியால் பசை ஏற்றினார். ஒட்டை வைத்து, மெழுகுத்தாள் போட்டு, அதன்மேல் பலகை வைத்து, எதிர்ச்சுவரிலிருந்து ஒரு கழியால் முட்டுக்கொடுக்கப் போனால், கழி நான்கு விரல் குட்டை.

"சார், ஏதாவது உதவி பண்ணணும்னீங்களே. வந்து முதுகைக் குடுங்க. அசைஞ்சீங்க, ஒட்டு வழுக்கிடும்."

அவர் பட்டறைக்குப் போய் வேறு கழி வெட்டிக்கொண்டு வரும்வரை, மச்சான் முதுகைப் பலகையில் பதித்து, காலை எதிர்க்கட்டிலில் உதைத்துக்கொண்டு நின்றார். கால்மணி நேரம். தொடை நடுங்கியது, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துவிடப் போனேன். "தள்ளுங்க மாப்ளே, அசைஞ்சுடப் போறேன்" என்றார். முப்பது வருட உறவில், அவரை நான் மனதாரக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வாரக் கடைசியில் மனைவி வந்தாள். அறைக்குள் நின்று மூச்சை இழுத்தாள். சுவர் நெடுகக் கையை ஓட்டினாள்.

"எதுங்க கெட்டுப்போன பலகை?"

மச்சான் வாயைத் திறந்தார், மூடினார். "தச்சரம்மாவுக்குத்தான் தெரியும்மா" என்றார்.

"படுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் மச்சானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருமலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தச்சரம்மாவின் கைக்கும், எங்கேயோ வெட்டுப்பட்டு இந்தச் சுவருக்கு வந்த அந்த மரத்துக்கும், பக்கத்தில் இருக்கும் இந்த முதுகுக்கும் சேர்த்து நாலு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் உள்ளிருந்து சத்தம் வந்தது.

குறட்டை விடுகிறாள்.