கண் டாக்டர் கேட்ட குறட்டை

ஆலையில் அவளை எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நெய்து வந்த துணி, உள்ளே விளக்கு எரியும் சாய்வான கண்ணாடி மேஜை மீது ஓடிக்கொண்டே இருக்கும். அவள் எதிரே நின்று பார்ப்பாள். அறுந்த நூல், எண்ணெய்க் கறை, இழை தப்பிய கோடு என்று எது பட்டாலும் காலால் மிதித்து மெஷினை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். இருபத்தோரு வருடமாக இதே வேலை. அவள் பார்த்து அனுப்பிய துணியை மேனேஜர் இன்னொரு முறை பார்க்க மாட்டார்.

அதனால்தான் கண்ணாடிக் கடைக்காரர், "பவர் மாத்தினா மட்டும் போதாதும்மா, ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"என் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கணவனிடம் பொருமினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. ஓரத்தில் எங்கே வெளிச்சம் மினுங்கினாலும் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். அவள் பரீட்சை எழுதுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"ஒண்ணைக்கூட விடல" என்று வெளியே வந்து கணவனிடம் பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் அம்மாவின் மேஜையில் இருந்த தாளில், வலது கண்ணுக்கான வட்டத்தின் மேல்பக்கம் மை கொட்டியது போலக் கறுத்திருந்தது.

"இந்த இடத்துல வந்த வெளிச்சம் எதையும் நீங்க பாக்கல" என்றார் டாக்டர். "பாக்கலன்னு உங்களுக்கே தெரியாது. க்ளாக்கோமாவோட குணமே அதுதான். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெடும். வலிக்காது, உறுத்தாது. போனது திரும்பி வராது. ஆனா இருக்கறதைக் காப்பாத்தலாம். நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க."

கணவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஒரு விஷயந்தான் இடிக்குது" என்று டாக்டர் தொடர்ந்தார். "பொதுவா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறித்தான் நரம்பு கெடும். உங்களுக்கு அழுத்தம் சரியாவே இருக்கு. இப்படியும் சில பேருக்கு வரும். அப்போ உடம்புல வேற எதுவும் சேர்ந்து இழுத்து விடுதான்னு பாக்கணும். கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வியெல்லாம் கேப்பேன், கோவிச்சுக்காதீங்க. பிரஷர் இருக்கா?"

"ஏழு வருஷமா இருக்கு. ரெண்டு மாத்திரை. படுக்கப் போறப்போ ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்குவேன்."

டாக்டர் அதை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"களிம்பு, சொட்டு மருந்து, மூக்குல அடிக்கிற மருந்து ஏதாவது?"

"பஞ்சுத் தூசிக்குத் தும்மல் வரும். மூக்குல அடிச்சுக்குவேன். கண்ணுக்கும் அதுக்கும் என்ன டாக்டர்?"

"அதுல ஸ்டீராய்டு இருக்கு. சில பேருக்கு ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏத்திவிடும். உங்களுக்கு ஏறல. இருந்தாலும் நீங்க அடிக்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?" டாக்டர் பேனாவை நிறுத்தாமலே அடுத்ததைக் கேட்டார். "குறட்டை விடுவீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

"நானா? எங்க வீட்ல அந்த டிபார்ட்மென்ட் இவரோடது. சொந்தக்காரங்க எல்லாரும் இவரை இஞ்சின்னுதான் கூப்பிடுவாங்க."

டாக்டரும் சிரித்தார். கணவன் மட்டும் மடியிலிருந்த ஃபைலின் நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினான்.

ராத்திரியில் போடச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

அவன் இஞ்சின் ஆனது இருபத்தாறு வருடத்துக்கு முன்னால். கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுடைய சித்தி வீட்டில் போய்த் தங்கியிருந்தார்கள். காலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சித்தி, "ராத்திரி யாருப்பா மரம் அறுத்தது?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள், காது மடல் வரை சிவந்துவிட்டது. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் சித்தி. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றான். "அப்போ மாமா இல்ல, இஞ்சின்!" என்று அவள் தம்பி பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது.

உண்மையில் மரம் அறுத்தது அவள்தான் என்பது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆனால் அவனுக்கு மட்டுமே தெரிந்தது ஒன்று இருந்தது. மகள் பிறந்து சில வருடம் கழித்து ஒருநாள் அவள், "இன்னும் விடறேனாங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த வாட்டத்தைப் பார்த்து, "அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டான். அவளும் நம்பிவிட்டாள். அதனால் தனக்குக் குறட்டை இல்லை என்று டாக்டரிடம் அவள் காட்டிக்கொண்டது பொய்யில்லை. பொய் அவனுடையது.

மறுநாள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நிற்பதாகக் கூப்பிட்டிருந்தார்கள். மொட்டை மாடி மெஷின் அறையில் உட்கார்ந்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்டான். கோளாறைக் கண்ணால் தேடுவதற்கு முன் காதால் தேடுவதுதான் அவன் வழக்கம். மோட்டார் சீராக உறுமிக்கொண்டே வந்தது, திடீரென்று அடங்கியது, பிறகு ஒரு உதறலோடு மறுபடி பிடித்துக்கொண்டது. அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகப் பழகியிருந்தது. லிஃப்டில் அல்ல, வீட்டில்.

டாக்டர் சும்மாவா கேட்டிருப்பார்? ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி ஆரம்பித்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டற மாதிரி இருந்தா திட்டுவேன். சொல்லுங்க."

"நீ குறட்டை விடற."

"விட்டுக்கிட்டு இருந்தேன்."

"இல்ல. விடற. நின்னுபோச்சுன்னு நான்தான் சும்மா சொன்னேன்."

அவள் கையிலிருந்த ஈரச் சட்டை அப்படியே நின்றது. "எவ்வளவு நாளா?"

"நிக்கவே இல்லையே, எங்கேர்ந்து நாள் கணக்கு சொல்றது?"

"அடப்பாவி மனுஷா! போன மாசம் ரயில்ல போனோமே? பெட்டி நிறைய ஜனம்! அதுலயுமா?"

"எதிர் சீட்டுக்காரர் என்னைத்தான் முறைச்சாரு. நான் முன்னாடியே எழுந்து கொட்டாவி விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"குறட்டை போகட்டும், அது ஒரு பெரிய விஷயமில்ல. நடுவுல நிக்குது."

"என்ன நிக்குது?"

"மூச்சு. நல்லா போய்க்கிட்டே இருக்கும். டக்குனு நின்னுடும். பத்து எண்ணுவேன், பதினைஞ்சு எண்ணுவேன். சில நேரம் இருபதுகூட ஆயிடும். தோளைத் தொட்டா ஒரு உலுக்கு உலுக்கி மறுபடி ஆரம்பிக்கும். குண்டா இருக்கறவங்களுக்குத்தான் அதெல்லாம்னு கேள்விப்பட்டேன், உனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன். டாக்டர் கேட்டப்பவே வாயைத் திறந்திருக்கணும்."

அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"ராத்திரியெல்லாம் எண்ணிக்கிட்டு இருந்தா, நீங்க எப்போதான் தூங்குவீங்க?"

"மெஷின் ரூம்ல. மதியம் அரை மணி நேரம். ஃபேன் காத்து நல்லா வரும்."

திங்கட்கிழமை, ஆலையில் டீ இடைவேளையில் ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். ஒரு மாதம் வரை காத்திருக்க முடியாது, இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.

"போன தடவை ஒரு கேள்விக்குத் தப்பா பதில் சொல்லிட்டேன் டாக்டர்" என்று உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "இஞ்சின் நான்தான்."

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் அவள் கணவனைப் பார்த்தார். திட்டுவார் என்று அவன் நினைத்தான். அவர், "ராத்திரி எத்தனை தடவை நிக்கும்னு தோராயமா சொல்ல முடியுமா?" என்றுதான் கேட்டார்.

"எண்ணி முடியாது டாக்டர்."

"மூச்சு நிக்கறப்போ ரத்தத்துல ஆக்சிஜன் குறையும். பார்வை நரம்புக்கும் அது போய்ச் சேராது. குறட்டை விடற எல்லாருக்கும் க்ளாக்கோமா வராது. இதனாலதான் வந்துச்சுன்னு என்னாலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்படி மூச்சு நிக்கறவங்க பல பேருக்கு இதுவும் சேர்ந்து இருக்கறதைப் பாக்கறோம். பிரஷர் மாத்திரை ரெண்டையும் நீங்க ராத்திரி போடறதால தூக்கத்துல பிரஷர் ரொம்ப இறங்குதான்னும் பாக்கணும். இறங்கினா நரம்புக்கு ரத்தம் குறைச்சலாப் போகும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. நான் உங்க டாக்டருக்கு லெட்டர் தர்றேன்."

அடுத்த வாரம் ஒரு நாள் முழுக்க அவள் கையில் பிரஷர் பட்டை கட்டியிருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை அது உப்பி இறுக்கும். ஆலையில் சக வேலைக்காரி ஒருத்தி, "என்னக்கா, கை பெருமூச்சு விடுது?" என்று கிண்டல் செய்தாள். இன்னொரு நாள் ராத்திரி தூக்கப் பரிசோதனைக்காக விரலிலும் மூக்கிலும் மார்பிலும் ஒயர் மாட்டிக்கொண்டு படுத்தாள். முடிவு வந்தது. மணிக்கு முப்பத்திரண்டு தடவை மூச்சு நின்றிருந்தது. விடியற்காலையில் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. பிரஷர் பார்க்கும் டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்து, இன்னொன்றைக் காலைக்கு மாற்றினார். தூங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு மாஸ்க்கும், அதற்குக் காற்று அனுப்பும் சின்ன மெஷினும் வந்தன.

முதல் வாரம் படாத பாடு. மாஸ்க் வழுக்கியது, மூக்கு அரித்தது, தலைமுடி வாரில் சிக்கியது. "ராக்கெட்ல போற மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிந்தாள். அவன் பொறுமையாக வாரை அரை அங்குலம் தளர்த்தி, கன்னத்தில் பதியும் இடத்தில் மெல்லிய துணி தைத்துக் கொடுத்தான். பத்தாம் நாள் காலை அவள் எழுந்து உட்கார்ந்து தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தலைவலி இல்லைங்க."

பஞ்சுத் தூசியால் வருவது என்று பல வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருந்த காலைத் தலைவலி அது.

ஒரு மாதம் கழித்து அவள் தம்பி தன் மனைவியோடு வந்தான். படுக்கையறையில் சார்ஜர் தேடப் போனவன், மேஜையிலிருந்த மெஷினைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்.

"மாமா! கடைசியில இஞ்சினுக்கு சைலன்ஸர் போட்டாச்சா!"

கணவன் வழக்கம்போலச் சிரிக்க வாயெடுத்தான். அவள் அவன் கையை அழுத்தினாள்.

"அது என்னோடதுடா" என்றாள்.

"உன்னோடதா?"

"எனக்குத்தான் குறட்டை. அன்னிக்கு சித்தி வீட்ல மரம் அறுத்ததும் நான்தான். இவர் எனக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிட்டாரு. நீங்கல்லாம் இருபத்தாறு வருஷமா ஆளைப் போட்டு வாட்டினீங்க."

தம்பி கதவில் சாய்ந்தபடி மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "என்ன மாமா நீங்க!" என்றான். பிறகு அவன் மனைவி முதலில் சிரித்தாள். அடுத்து எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துச் சிரித்து அக்காவுக்குப் புரையேறிவிட்டது. இத்தனை வருடம் பயந்த விஷயம் இவ்வளவுதானா என்று இருந்தது.

"சிரிச்சது போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். "கூடப் பிறந்தவங்களும் கண்ணைப் பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. புதன்கிழமை உனக்கு நேரம் வாங்கியிருக்கேன்."

"எனக்கென்னக்கா, கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"நானும் அப்படித்தான் சொன்னேன். பேசாம வா."

போனான். அவன் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி அனுப்பினார்கள்.

எட்டு மாதம் கழித்து மறுபடி அந்த வெள்ளைப் பெட்டிக்குள் முகத்தை வைத்தாள். இந்த முறை வெளியே வந்து பெருமை பேசவில்லை, கணவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துக் காட்டினார். கறுப்பு இடம் அப்படியே இருந்தது, ஒரு புள்ளிகூடக் கூடவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "சொட்டு மருந்தை விடாதீங்க, மாஸ்க்கை விடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க."

"வேலைக்குப் போகலாமா டாக்டர்? துணி பாக்கற வேலை."

"தாராளமா. தலையைக் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பாருங்க."

"அதை நானே ஆரம்பிச்சிட்டேன்."

வெளியே வந்தபோது பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நடந்தே போய்விடலாம் என்றாள் அவள். அவனுக்கு மனமில்லை, ஆனாலும் நடந்தான். வெயில் இதமாக இருந்தது. ஒரு மெத்தைக் கடை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"நம்ம மெத்தை நடுவுல குழி விழுந்திடுச்சு, கவனிச்சீங்களா?"

"எனக்கு எங்க தெரியுது? படுத்தா விடிஞ்சுடுது இப்பல்லாம்" என்றான் அவன்.

"நேத்து அலாரம் மூணு தடவை அடிச்சுது. எழுப்ப மனசு வரல" என்று சொல்லிக்கொண்டே அவள் கடைக்குள் நுழைந்து, முதல் மெத்தையில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தாள்.