தொண்டை வரை

துணிக்கடையில் அவளுக்குப் பெயர் குண்டக்கா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாத பின்பக்கக் கிடங்கில் துணி மடித்து அடுக்குவது அவள் வேலை. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. கணவனின் நண்பர் வீட்டு விருந்தில் ஒருத்தி அவனிடம், "உங்க அக்காவையும் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எல்லாம் மாறியது. அதன்பின் அவன் எங்கேயும் தனியாகவே போனான். கொஞ்ச காலம் கழித்து, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷனைப் பற்றி அவனே விசாரித்துக்கொண்டு வந்தான்.

டாக்டரிடம் அவள் மறைக்காமல் சொன்னாள், அவ்வப்போது நெஞ்செரிச்சல் வரும் என்று. எடை இறங்கினால் அதுவும் போய்விடும் என்றார் அவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவர்கள் உண்டு. இவள் வயிற்றை வெட்டியே கொடுத்தாள்.

உடம்பு மளமளவென்று இறங்கியது. மேனேஜர் அவளைக் கடையின் முன்பக்கத்துக்கு மாற்றினார். கணவன் புதுத்துணி எடுத்துக் கொடுத்து நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் கூட்டிப்போனான். அக்கா என்று கேட்டவள் வீட்டுக்குத்தான் முதலில்.

எரிச்சல் மட்டும் போகவில்லை. எடை குறையக் குறைய அது ஏறியது. படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வந்து மூக்கில் ஏறும். தலையணையை அடுக்கிப் பார்த்தாள், மாத்திரையைக் கூட்டிப் பார்த்தாள், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். கட்டில் முழுக்கக் கணவனுக்கு. குரல் கரகரத்துப் போனது. ஒருநாள் கீழ்த்தட்டிலிருந்து துணி எடுக்கக் குனிந்தவளுக்கு, அடக்குவதற்குள் பொங்கி, விரித்துப் போட்டிருந்த வெள்ளைத் துணியின் மேலேயே வந்துவிட்டது. மேனேஜர் திட்டவில்லை. மறுநாள் கிடங்குக்கே போகச் சொன்னார்.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான் அக்கா," என்றாள் கூட மடிப்பவள், சிரிக்காமல்.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், உணவுக்குழாய் புண்ணாகிவிட்டது, இது மாத்திரைக்கு அடங்காது, இன்னொரு ஆபரேஷன் செய்து குடலை மாற்றி இணைக்க வேண்டும் என்றார்.

"எனக்கு எரிச்சல் இருக்குன்னு முன்னாடியே சொன்னேனே டாக்டர்."

"சொன்னீங்க. குறையும்னு நினைச்சோம். சிலருக்கு இப்படிக் கூடிடும்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கணவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். ஆபத்தா என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தாள்.

"இதைப் பண்ணினா மறுபடி உடம்பு போட்டுடாதே?"

போடாது, இன்னும் கொஞ்சம் குறையலாம் என்றார் டாக்டர்.

"அப்ப பண்ணிடலாம்."

"படுக்கப்போறது நான்," என்றாள் அவள். பண்ணிக்கொள்ளாமல் முடியாது என்பது அவளுக்கும் தெரியும். தேதியை அவளே கேட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கூட இருக்கத் தங்கை வருவாள், அவன் வர வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லிவிட்டாள். அவன் மறுக்கவில்லை.

வீடு திரும்பும்போது வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னான்: "முன்னெல்லாம் நீ ஏறினா வண்டியே சாயும். இப்ப பின்னாடி ஆள் இருக்கிறதே தெரியல."

சந்தோஷமாகத்தான் சொன்னான். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தக் குலுக்கலில் புளிப்பு தொண்டை வரை வந்தது. அவன் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதை விழுங்கினாள்.