தூணில் செதுக்கிய தொண்ணூற்றேழு

ஆலைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த ஓக் மரத் தூணைத்தான். மார்பு உயரத்தில், உளியால் கொத்திய எண்: 97. மாவு படிந்து அதன் பள்ளங்கள் வெளுத்திருக்கும். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றேழில் கட்டிய ஆலை என்று அதற்குப் பொருள் சொன்னவர் பாதிரியார் ஹோல்டிச். ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர். அவர் சொன்னபின் மறுபேச்சு ஏது? இப்போது நடப்பது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. ஆகவே ஆலைக்கு நூற்றைம்பது வயது. செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளன்று ஆற்றங்கரையில் விருந்து என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

ஆலையை நடத்தியவள் கெசையா ஃபுல்ச்சர். அப்பா போனபின் ஆறு வருடமாகத் தனியாக. அவளுடைய குத்தகை அதே திருநாளோடு முடிந்தது. நிலச்சொந்தக்காரரின் காரியஸ்தர் டில்லெட் வருவார், மாவை விரலில் தேய்த்துப் பார்ப்பார், பிடித்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால் ஆலை கைமாறும்; அதைக் கேட்டு டவுனிலிருந்து ஒருவர் ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தார்.

அதனால்தான் கோடையிலேயே, உளுத்துப்போன பெரிய பற்சக்கரத்தை மாற்றினாள். செய்தவன் ஜேபெஸ் கெரிட்ஜ், ஞாயிறு பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தச்சன். ஒவ்வொரு பல்லும் ஆப்பிள் மரம். பழைய பற்கள் ரொட்டி அடுப்புக்குப் போயின; ஒரு வாரம் முழுக்கத் தெருவில் இனிப்புப் புகை.

புதுச் சக்கரம் ஏறியதும் மதகைத் தூக்கினாள். தண்ணீர் வந்து மோதியது, வெளியே நீர்ச்சக்கரம் முனகியது, மாடியில் அரைகல் சுழன்றது. ஆற்றின் வெளிச்சம் கூரையின் அடியில் நெளிந்தது. எல்லாம் பழையபடிதான். பேச்சு மட்டும் இல்லை.

பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்தது சக்கரப் பற்களின் அந்தப் பேச்சு. பக்கத்து அறையில் யாரோ முடிவில்லாத கதையொன்றை, சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், சன்னக் குரலில் சொல்லிக்கொண்டே போவதுபோல இருக்கும். மூட்டையில் சாய்ந்து பாதிக் கண் மூடிக் கேட்டிருப்பாள். இப்போது வேறு யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். டக், டக், டக், டொக். மறுபடி டக், டக், டக், டொக்.

ஜேபெஸ் வந்து தலையைச் சாய்த்துக் கேட்டான். நன்றாகத்தான் ஓடுகிறது என்றான்.

"சொன்னதையே சொல்லுது, ஜேபெஸ்."

"மில்லு வேற என்னத்தச் சொல்லும்? பிரசங்கமா பண்ணும்?"

"பிரசங்கந்தான் பண்ணுது. ஹோல்டிச் ஐயா மாதிரி, அதே நாலு வரி."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் மாவு நொய்யும் நொறுங்கலுமாக, கை சுடும்படி இறங்கியது. புதுச் சக்கரத்தில் நாலே நாலு பற்கள் மட்டும் கடித்துத் துப்பியதுபோல் ஆகியிருந்தன.

கெசையா சுண்ணக்கட்டி எடுத்தாள். பெரிய சக்கரத்தில் ஒரு பல், அதோடு இணைந்து கல்லைச் சுழற்றும் சின்னச் சக்கரத்தில் அதைத் தொடும் பல், இரண்டுக்கும் வெள்ளைப் புள்ளி வைத்தாள். தண்ணீரை மெல்ல விட்டாள். ஒரு சுற்று, வெள்ளையும் வெள்ளையும் சந்தித்தன. அடுத்த சுற்று, மறுபடி அதே இரண்டு. அந்த மாவு மூட்டத்தில் எவ்வளவு நேரம் பார்த்திருந்தாளோ, வேறொன்றை அவை தொடவே இல்லை.

ஜேபெஸை மறுபடி அழைத்து அதைக் காட்டினாள். அவனுக்கோ பெருமைதான்.

"பின்ன? கச்சிதம்னா அப்படித்தான். பழச எண்ணிப் பாத்தேன், தொண்ணூத்தேழு பல்லு. அந்தக் காலத்து ஆளு எண்ணத் தெரியாம ஒண்ணு கூட வச்சுட்டான். சின்னதுல இருபத்தி நாலு. நாலு மடங்கு தொண்ணூத்தாறு. அவன் தப்ப நான் சரி பண்ணிட்டேன்."

"எத்தன பல்லுன்ன?"

"தொண்ணூத்தேழு."

அவள் திரும்பினாள். தூணைப் பார்த்தாள். ஆற்று வெளிச்சம் அந்த எண்ணின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவனும் பார்த்தான். ஜெபக்கூடத்தில் மட்டுமே கழற்றும் தொப்பியைக் கழற்றினான்.

"அது வருஷம்னுல்ல சொன்னாங்க..."

"உன்ன மாதிரி ஒருத்தன் வந்து சரி பண்ணுவான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் கொத்தி வச்சிருக்கான்."

அந்த ஒற்றைப் பல் அதிகமாக இருந்ததால்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி மாறியது. எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் உரசி, ஒன்றின் மேட்டை மற்றொன்று தேய்த்து வழவழப்பாயின. தொண்ணூற்றாறிலோ, சின்னதின் ஒரு கரடுப் பல் எப்போதும் அதே நாலு பற்களையே கடித்தது. இதை அவன்தான் விரல்விட்டு எண்ணி, குரல் இறங்கிப்போய் அவளுக்குச் சொன்னான். புதுப் பெரிய சக்கரம் செய்ய மூன்று வாரம் போதாது என்றும் சொன்னான். அதற்கு வேண்டிய அளவு காய்ந்த மரமும் கையில் இல்லை.

கெசையா வெளியே போய் மதகின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே தண்ணீர் தன்பாட்டுக்குப் போனது. திரும்பி வந்தபோது அவன் அங்கேயே நின்றிருந்தான்.

"பெருச விடு. சிறுச மாத்து."

"இருபத்தஞ்சா?"

"ஒண்ணு கூடணும், அவ்வளவுதானே. எந்தப் பக்கம் கூடினா என்ன?"

பத்து நாளில் சின்னச் சக்கரம் வந்தது; பெரியதில் கடிபட்ட நாலு பற்களையும் ஜேபெஸ் மாற்றினான். மறுபடி புள்ளி வைத்து எண்ணினாள். பிரிந்துபோன வெள்ளைகள் இருபத்தைந்தாவது சுற்றில்தான் சந்தித்தன, சந்தையில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர்கள்போல. நாலைந்து நாள் ஓடியபின் ஒரு பிற்பகல் பக்கத்து அறையில் யாரோ பேசத் தொடங்கினார்கள். பழைய குரல் இல்லை. அதன் தங்கையாக இருக்கலாம். ஆனால் சொன்னதையே திரும்பச் சொல்லவில்லை.

திருநாளன்று டில்லெட் மாவைத் தேய்த்தார், முகர்ந்தார், மூட்டைமேல் காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். பாதிரியார் தூணைத் தொட்டு, அந்த வருடத்தைக் கொத்திய கையைக் குறித்துக் கண் கலங்கப் பேசினார். ஜேபெஸ் அவள் காதருகே குனிந்தான்.

"சொல்லிரவா?"

"வாய மூடிக்கிட்டு வாத்துக்கறி தின்னு."

கூட்டம் கலைந்ததும் அவனிடம் உளியை வாங்கி, 97க்குக் கீழே 25 என்று கொத்தினாள். இனி யாரும் மாற்றக் கூடாதது அதுதான்.

வசந்தத்தில் பாதிரியார் தாம் எழுதிய ஊர் வரலாற்றைச் சரிபார்க்க வந்தார். மாவு படிந்து அதற்குள் புது எண்ணும் வெளுத்திருந்தது. ஆயிரத்து எழுநூற்று இருபத்தைந்தில் புதுப்பித்திருக்கிறார்கள், இத்தனை நாள் இது எப்படித் தம் கண்ணில் படவில்லை என்று வியந்து குறித்துக்கொண்டார்.

"மாவு மூடியிருந்துச்சுங்க ஐயா," என்றாள் கெசையா. உள்ளே அது பேசிக்கொண்டிருந்தது.