தெற்கு ஊற்றின் புழுக்கள்

குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. ஆழ்கடல் தரையில் வெந்நீர் பீறிடும் ஊற்றுகளின் ஓரத்தில், தானே சுரந்த வெண்குழாய்க்குள் அது நின்றபடியே வாழ்கிறது. நுனியிலுள்ள சிவப்புத் தூவி நீரிலிருந்து நச்சு வாயுவை உறிஞ்சுகிறது. உடலினுள் பஞ்சு போன்ற திசுவில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அவ்வாயுவைக் கொண்டு புழுவுக்கு உணவாக்கித் தருகின்றன. இத்தகைய சாதுவான உயிரினத்தின் பொருட்டே என் அக்காள் தன் கணவரைச் சந்தேகித்தாள்.

அக்காள் மரபியல் ஆய்வாளர். அத்தான் ஆய்வுக் கப்பலில் அமர்ந்து, ஆளில்லா நீர்மூழ்கியின் இயந்திரக் கையை இயக்குபவர். ஆய்வகத்தின் உறைகுளிர் அறை என் பொறுப்பு. நான் அணியும் தடித்த மேலங்கியைக் கண்டு அனைவரும் என்னைப் பனிக்கரடி என்றே அழைப்பர்.

வடக்கு ஊற்றுப் புழுக்களும் தெற்கு ஊற்றுப் புழுக்களும் மரபணுவில் வேறுபட்டவை என்று கட்டுரை எழுதி அக்காள் பெயர் பெற்றிருந்தாள். இடையில் குறுக்கிடும் கடலடி மலையை அவற்றின் லார்வாக்களால், அதாவது நீரில் மிதந்து செல்லும் இளம்பருவப் புழுக்களால், தாண்ட இயலாது என்பது அவள் வாதம். ஆனால் இரு ஊற்றுகளிலிருந்தும் அத்தான் புதிதாகக் கொண்டுவந்த புழுக்களோ மரபணுவில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"கதவைச் சாத்து," என்றாள் அக்காள், குளிர் அறைக்குள் வந்து. "தெற்குனு லேபிள் ஒட்டியிருக்கிற எதுவுமே தெற்கு இல்ல. அங்க எடுத்த வீடியோவும் முழுக்கக் கருப்பு. என்னன்னு உங்க அத்தானைக் கேளு."

"நீயே கேளேன்."

"நான் கேட்டா குடும்பச் சண்டை ஆயிடும்."

மாதிரிகள் பொய் என்று அவள் அறிக்கை அளித்தால் அத்தான் இனிக் கப்பலேற முடியாது.

அன்றிரவு உணவு மேசையில் மெல்லத் தொடங்கினேன். "தெற்குல எப்படி இருந்துச்சு அத்தான்?"

"ஒரே கரும்புகை. கேமராவுக்குக் கண்ணே தெரியல. ஏன் மாப்ள?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குறவன் தட்டைப் பார்த்துக் கேக்க மாட்டான். யாரு அனுப்பினா?"

"நான்தான்," என்றாள் அக்காள். "ஒரே ஊற்றுலயே ரெண்டு பெட்டியையும் ரொப்பிட்டீங்களா?"

அத்தான் கையை உதறிக்கொண்டார். "உன் கட்டுரை தப்பா இருக்கலாம்னு ஒரு நிமிஷமாவது தோணுச்சா? தோணாது. புருஷனைச் சந்தேகப்படறது அதைவிட லேசு."

உணவு அப்படியே ஆறிப்போயிற்று.

மறுநாள் அவளே வந்து பஞ்சுத் திசுக்களைக் கேட்டாள். பாக்டீரியாவின் மரபணு கலந்துவிடக்கூடாதென்று அவள் எப்போதும் தூவியை மட்டுமே வெட்டிச் சோதிப்பாள். பஞ்சு என் அறையின் மூலைப் பெட்டிக்கு வந்துவிடும். தூவியோ புழுவின் பிறப்பை மட்டுமே கூறும். லார்வா பிறக்கும்போது அதனுள் பாக்டீரியா இருப்பதில்லை. மிதந்து சென்று எந்த ஊற்றில் குடியேறுகிறதோ, அவ்விடத்து நீரிலிருந்தே அதைப் பெறுகிறது. ஆகவே புழு வளர்ந்த இடத்தைப் பாக்டீரியாவிடம்தான் கேட்க வேண்டும்.

விடை வந்தது. தெற்குப் புழுக்கள் அனைத்திலும் வடக்கில் இல்லாத வேறு வகைப் பாக்டீரியா இருந்தது. அத்தான் பொய் சொல்லவில்லை; லார்வாக்கள் மலையைத் தாண்டியிருந்தன. அக்காள் தன் கட்டுரை பிழையென்று இதழுக்குத் தானே எழுதினாள். வீட்டில் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அத்தானும் கேட்கச் சொல்லவில்லை. "அடுத்த பயணத்துக்குப் பனிக்கரடியும் வரட்டும். ஒரு சாட்சி பக்கத்துல இருந்தா எனக்கு நல்லது," என்று மட்டும் கூறினார்.

நான் புறப்படுகையில் அக்காள் என் காதருகே சொன்னாள்: "அவரோட சேர்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்காதே. திரையைப் பாரு."

கப்பலின் கட்டுப்பாட்டறையில் அத்தானின் அருகே அமர்ந்தேன். ஒவ்வொரு புழுவையும் பற்றுமுன் அவர் இயந்திரக் கையை நிறுத்தி, என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்த பின்னரே பிடுங்கினார்.

"பார்த்துட்டியா மாப்ள?"

"பார்த்துட்டேன் அத்தான்."

"உங்க அக்காளுக்கும் சேர்த்துப் பாரு," என்றார், சிரிக்காமல்.